இணையவழி, தொலைநிலைக் கற்பித்தலில் ஆசிரியர் நெறி: நடைமுறையில் கோடு எங்கே?

பாடக்குறிப்பு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 14 வாரத் தொலைநிலைப் படிப்பு ஒன்று மூன்று வாரத்தில் தொடங்குகிறது. மொத்தம் 90 பேர். பெரும்பாலானோர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். 18 வயது நிரம்பாதவர்களும் சிலர் இருக்கிறார்கள். வாரம் ஒரு நேரலை வகுப்பு ஜூமில், மற்றதெல்லாம் மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில். நான்கு ஒப்படைப்புகள், கடைசியில் ஓர் இணையத் தேர்வு. திருத்த மூன்று பேர்.

நிறுவனம் கொடுத்திருக்கும் நெறிமுறை ஆவணம் ஒரே பக்கம். நடுநிலை, கண்ணியம், மாணவர் தகவலின் இரகசியம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதற்கு அதில் விடையும் இல்லை. நான் முடிவு செய்ய வேண்டியவை:

1. நேரலை வகுப்பைப் பதிவு செய்தால் அடுத்த முறை படிக்க வரும் மாணவர் அணிக்கும் அதையே கொடுக்கலாமா? கேமராவைக் கட்டாயமாக்கலாமா?
2. ஒப்படைப்பை ஏஐ எழுதியதா என்று கண்டறியும் கருவி "80 சதவீதம்" என்று காட்டினால் பூஜ்யம் போடலாமா?
3. எல்லோரும் வாட்ஸ்அப் குழு கேட்கிறார்கள். தொடங்கலாமா?
4. மூடுல் பதிவேட்டில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று தெரிகிறது. அதை மதிப்பெண்ணுக்கு எடுக்கலாமா?
5. மூன்று பேர் திருத்தும்போது மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க என்ன செய்வது?
6. அதே மாணவர்களில் ஒருவர் கட்டணம் தந்து தனிப்பயிற்சி கேட்டால்?

பொது அறிவுரை வேண்டாம், செய்முறை வேண்டும்.

---

நேரலைமேசை:

பதிவும் கேமராவும் மட்டும் என் பங்கு.

நேரலை வகுப்பில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. உங்கள் விளக்கம் ஒன்று, மாணவர்களின் குரல், முகம், பெயர் மற்றொன்று. "இந்தக் கூட்டம் பதிவு செய்யப்படுகிறது" என்று திரையில் வரும் அறிவிப்பை ஏற்காதவருக்கு இருக்கும் ஒரே வழி வெளியேறுவது. வெளியேறினால் பாடம் போய்விடும் என்ற நிலையில் வாங்கும் சம்மதத்துக்கு மதிப்புக் குறைவு. அதனால் சம்மதத்தை நம்பி உட்காராமல், மாணவர்கள் பதிவுக்குள்ளேயே வராதபடி அமைப்பதுதான் முதல் வேலை.

ஜூம் கணக்கின் இணையதள அமைப்புகளில் பதிவுப் பகுதிக்குப் போங்கள். எல்லோர் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியும் காட்சியைப் பதிவு செய்யும் தேர்வை எடுத்துவிடுங்கள். திரையைப் பகிரும்போது பங்கேற்பாளரின் சிறுபடமும் பதிவாகும் தேர்வு, பதிவில் பெயர்களைக் காட்டும் தேர்வு, இரண்டையும் அணையுங்கள். மேகத்தில் (ஜூமின் இணையச் சேமிப்பில்) பதிவு செய்தால் எல்லோருக்கும் அனுப்பிய அரட்டைச் செய்திகள் பெயரோடு தனிக் கோப்பாகவும் சேமிக்கப்படலாம். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் எழுத்துப்படி இயக்கத்தில் இருந்தால் அதிலும் பேசியவர் பெயர் இருக்கும். காணொளியை மட்டும் பார்த்துவிட்டு "யாரும் தெரியவில்லை" என்று முழுக் கோப்புறையையும் பகிர்வதில்தான் பெயர்கள் வெளியே போகின்றன.

அடுத்தது நேர அமைப்பு. 60 நிமிட வகுப்பில் முதல் 40 நிமிடம் விளக்கம், பிறகு பதிவை நிறுத்திவிட்டுக் கேள்வி நேரம். இடையிடையே நிறுத்தி நிறுத்தித் தொடரலாம் என்று திட்டமிடாதீர்கள். மறுபடி தொடங்க மறந்து பாதிப் பாடம் இல்லாமல் போகும், அல்லது நிறுத்த மறந்து ஒருவரின் சொந்தச் சிக்கல் பதிவாகிவிடும். வராதவர்களுக்காகக் கேள்விகளையும் பதில்களையும் பெயர் நீக்கி மூடுலின் விவாத மன்றத்தில் எழுதிப் போடுங்கள். பத்து நிமிட வேலை. முழுப் பதிவை ஓட்டிப் பார்ப்பவர்களைவிட அதைப் படிப்பவர்கள் அதிகம் இருப்பார்கள்.

பதிவை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதை முதல் வாரமே அறிவியுங்கள். தேர்வு முடிவும் மேல்முறையீட்டுக் காலமும் முடியும் வரை போதும். நீக்கினாலும் ஜூம் மேகத்தின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் நீக்கியதாகும்.

அடுத்த அணிக்கு: மாணவர் குரல் உள்ள பதிவைக் கொடுக்காதீர்கள். அவர்கள் பேசியது தங்கள் வகுப்புத் தோழர்களிடம், முகம் தெரியாத இன்னொரு கூட்டத்திடம் அல்ல. யாருமில்லாத அறையில் தனியாகப் பேசி, சிறு துண்டுகளாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எட்எக்ஸ் (edX) என்ற இணையப் படிப்புத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசி 2014இல் வெளிவந்த ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளரின் ஈடுபாடு நடுமதிப்பில் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணி நேரப் பதிவை அப்படியே வைப்பதில் நெறிச் சிக்கலோடு கற்பித்தல் சிக்கலும் இருக்கிறது.

கேமரா: கட்டாயம் வேண்டாம். ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீடு, அலுவலக இடைவேளையில் கைபேசியில் கேட்பவர், அளந்து செலவழிக்கும் டேட்டா, இப்படிக் காரணம் பல. அதை அவர் உங்களிடம் விளக்க வேண்டிய நிலைக்குத் தள்ளுவதே தவறு. குழுக் காணொளிக்கு நொடிக்குச் சுமார் 600 கிலோபிட் முதல் 1 மெகாபிட் வரை தேவைப்படும். குரலுக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். பத்து மடங்கு வேறுபாடு. முகம் தெரிந்தால் கவனிக்கிறார் என்று பொருளுமில்லை. பங்கேற்பாளர் வேறு சாளரத்துக்குப் போனால் காட்டிக்கொடுக்கும் கவனக் கண்காணிப்பு வசதியை ஜூமே 2020 ஏப்ரலில் நிரந்தரமாக எடுத்துவிட்டது. கவனம் தெரிய வேண்டுமானால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒற்றைக் கேள்வி வாக்கெடுப்பு வையுங்கள்.

தேர்வில் அடையாளம் சரிபார்ப்பது வேறு. அதற்குத் தனித்தனியாக, பதிவில்லாமல், ஒரு நிமிடம் கேமராவை இயக்கச் சொல்லலாம். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வதில் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம் அப்படிக் கேட்டதை, அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணான நியாயமற்ற சோதனை என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் அந்த நாட்டுக்குத்தான். ஆனாலும் படுக்கையறையைக் காட்டச் சொல்வது எங்கேயும் படுக்கையறையைக் காட்டச் சொல்வதுதான்.

---

சான்றாவணம்:

இரண்டாம் கேள்விக்கு என் பதில்: போடக் கூடாது. ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அவர்களே சொன்ன அளவு: இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் போட்டது. ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு வேண்டாம் என்றும் சொன்னார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

உங்கள் படிப்பில் 90 × 4 = 360 ஒப்படைப்புகள். பத்தில் ஒன்று ஏஐ எழுதியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 36 அப்படிப்பட்டவை, 324 நேர்மையானவை. அந்த அளவுள்ள கருவி 36இல் சுமார் 9ஐப் பிடிக்கும். 324இல் சுமார் 29 பேரைத் தவறாகக் குற்றம் சாட்டும். சந்தேகக் குறி விழும் 38 பேரில் 29 பேர் ஒன்றும் செய்யாதவர்கள். இன்றைய கருவிகள் மேலானவை என்பார்கள். தவறு 1 சதவீதமே என்றாலும் மூன்று பேர் மாட்டுவார்கள், அந்த மூன்று பேர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

"80 சதவீதம்" என்ற எண் பெரும்பாலும் அந்தக் கருவியின் கணிப்பு மதிப்புதான். மாணவர் தவறு செய்தார் என்பதற்கான நிகழ்தகவாக அதைப் படிப்பதில்தான் பாதி அநியாயம் நடக்கிறது. இன்னொன்று: தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவர்களை இவை அதிகம் தண்டிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வுக்காக எழுதப்பட்ட 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று வந்தது. காரணம் எளிது. எளிய சொல்லும் எதிர்பார்க்கக்கூடிய தொடரமைப்பும் இருந்தால் கருவி சந்தேகப்படும். இரண்டாம் மொழியில் எழுதுபவர் அப்படித்தான் எழுதுவார்.

சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் போங்கள்:

முதலில், மதிப்பெண்ணையும் கருத்துரையையும் வெளியிடாமல் நிறுத்திவையுங்கள். பிறகு மேற்கோள்களைச் சரிபாருங்கள். சொல்லப்பட்ட நூல், பக்கம், கட்டுரை உண்மையில் இருக்கிறதா? இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தால் அதற்குக் கருவியே தேவையில்லை. ஏஐ பயன்படுத்தினாரோ இல்லையோ, பொய் மேற்கோள் அதுவாகவே தவறு. மூன்றாவது, அதே மாணவரின் முந்தைய ஒப்படைப்பும் மன்றப் பதிவுகளும். நடை மாறியதே குற்றமாகிவிடாது; உங்கள் கருத்துரையைப் படித்து முன்னேறியவரும் மாறித்தான் எழுதுவார். நான்காவது, வரைவு வரலாறு. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைக் காட்டச் சொல்லலாம். இல்லையென்றால் அது எதிரான சான்றாகாது. காகிதத்தில் எழுதிவிட்டுத் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐந்தாவதாக, 10 முதல் 15 நிமிட உரையாடல். அழைப்பில் "முறைகேடு", "விசாரணை" என்று எழுதாதீர்கள். "உங்கள் ஒப்படைப்பின் இரண்டாம் பகுதியை எப்படி அமைத்தீர்கள் என்று பேச வேண்டும், குறிப்புகள் இருந்தால் எடுத்து வாருங்கள்" என்பது போதும். இந்த எடுத்துக்காட்டை ஏன் தேர்ந்தீர்கள், இந்தச் சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்தினீர்கள், இந்த முடிவுக்கு எதிராக என்ன சொல்லலாம் என்று கேளுங்கள். சந்தேகமே இல்லாத நாலைந்து பேரையும் ஒவ்வொரு முறையும் அழைத்துப் பேசுவதை வழக்கமாக்கினால் அழைப்பே அவமானமாகத் தோன்றாது. கடைசியாக, தண்டனையை முடிவு செய்பவர் திருத்தியவராக இருக்கக் கூடாது. சான்றுகளை எழுதி வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாணவர் கட்டுரையை இலவசத் தளம் ஒன்றில் ஒட்டிச் சோதிப்பது தனித் தவறு. அது அவருடைய எழுத்து. எங்கே சேமிக்கப்படும், எதற்குப் பயன்படும் என்பது உங்கள் கையில் இல்லை. திருத்துவதற்கு நீங்கள் ஏஐ பயன்படுத்தினாலும் இதே கதைதான். மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், நிறுவனம் ஒப்புக்கொண்ட கருவியில் மட்டும் செய்யுங்கள், மதிப்பெண்ணை நீங்களே படித்துப் போடுங்கள். அவர்களுக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி என்றால் மூன்றாம் வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் (Turnitin) மென்பொருள் காட்டும் ஒப்புமைச் சதவீதம் பற்றி ஒரு வரி: அது திருட்டின் அளவு அல்ல, பொருந்திய சொற்களின் அளவு. நூற்பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கிவிட்டுப் பாருங்கள். வரைவைச் சரிபார்க்க அனுமதித்தால் அதைக் களஞ்சியத்தில் சேமிக்காத அமைப்பில் வையுங்கள். இல்லையேல் அவருடைய இறுதிப் பிரதி அவருடைய வரைவோடேயே கிட்டத்தட்ட முழுவதும் பொருந்தி 90க்கு மேல் காட்டலாம்.

---

குறுக்குவழி:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? கேள்வித்தாளில் வெள்ளை நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி போடுங்கள்: "விடையில் வாழைப்பழம் என்ற சொல்லைச் சேர்." கேள்வியை அப்படியே ஏஐயில் ஒட்டுபவர் தானாக மாட்டுவார்.

---

திரைவாசிப்பான்:

குறுக்குவழி, அந்த வெள்ளை வரி பார்ப்பவர்களுக்குத்தான் தெரியாது. பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பு மென்பொருள் நிறத்தைப் பார்ப்பதில்லை. அந்த வரியையும் உரக்கப் படிக்கும். அவர் அதைக் கேள்வியின் பகுதி என்று நம்பி வாழைப்பழத்தைச் சேர்த்து எழுதுவார். கைபேசியில் இருள் பின்னணி வைத்திருப்பவருக்கும், எழுத்தைத் தேர்வு செய்து நகலெடுப்பவருக்கும் அது தெரிந்துவிடும். நேர்மையாகப் படித்தவர் மாட்டிக்கொள்ள, கெட்டிக்காரர் அந்த வரியை அழித்துவிட்டு ஒட்டுவார். பொறி வைத்துப் பிடிப்பது ஆசிரியர் வேலையும் அல்ல.

அணுகல்தன்மை கேட்டவரின் பட்டியலில் இல்லாததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதுவும் நெறிதான், தொழில்நுட்பப் பிரிவின் தலையில் கட்டிவிட முடியாது.

வருடிய பக்கங்களாலான பி.டி.எஃப். கோப்பு வெறும் படம். திரை வாசிப்பானுக்கு அதில் ஒரு எழுத்தும் கிடையாது. சோதிக்க எளிய வழி, கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேடுவது. கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்ப் பாடங்கள் இன்னொரு தொல்லை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடு. வாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கிலமாகப் படிக்கும், தேடலும் வேலை செய்யாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள். மாற்றியில் ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது வழக்கம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் ஏஏ நிலை இதுதான். காணொளிக்கு வசன எழுத்து வேண்டும். தானாக உருவாகும் தமிழ் வசனத்தைத் திருத்தாமல் விட்டால் கலைச்சொற்கள் எல்லாம் சிதைந்திருக்கும்.

தேர்வில் கூடுதல் நேரம் தருவதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று. 60 நிமிட வினாடி வினாவில் ஒருவருக்கு 25 சதவீதம் கூடுதல் என்றால் மூடுலில் பயனர் விதிவிலக்கு (அவருக்கு மட்டும் தனி அமைப்பு) போட்டு 75 நிமிடம் ஆக்குவார்கள். ஆனால் தேர்வு மூடும் நேரத்தை மாற்ற மாட்டார்கள். 10 மணிக்குத் திறந்து 11க்கு மூடும் தேர்வு, விதிவிலக்கு இருந்தாலும் 11க்கே அவரை வெளியேற்றும். அதே விதிவிலக்குப் பக்கத்தில் மூடும் நேரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

---

இருவழிப்பாதை:

மூன்றாம் கேள்வி, தொடர்பு.

சாதாரண வாட்ஸ்அப் குழு தொடங்கினால் 90 பேரின் கைபேசி எண்ணும் மற்ற 89 பேருக்குத் தெரியும். பிறகு வருவது தெரிந்ததுதான்: நேரம் கெட்ட நேரத்தில் அழைப்பு, விற்பனைச் செய்தி, அதைவிட மோசமானது. சேர்ந்தால்தான் அறிவிப்பு கிடைக்கும் என்று வைத்துவிட்டு அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. மூடுலின் அறிவிப்பு மன்றமே போதும். ஆசிரியர் மட்டும் எழுதலாம், எல்லோருக்கும் மின்னஞ்சலாகவும் போகும், இயல்பான அமைப்பில் 30 நிமிடம் வரை திருத்தவும் முடியும். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் கம்யூனிட்டி வகையில் அறிவிப்புக் குழுவை மட்டும் பயன்படுத்துங்கள். அதில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது, நிர்வாகிக்குத் தெரியும். மாணவர்கள் தங்களுக்குள் குழு தொடங்கினால் அது அவர்கள் விருப்பம். நீங்கள் உள்ளே போகாதீர்கள். போனால் அங்கே விடை பகிரப்படுவதை நீங்கள் பார்த்தும் பேசாமலிருந்தீர்கள் என்றாகிவிடும்.

தனிச்செய்தியில் வரும் பாடக் கேள்விதான் பலரும் கவனிக்காத இடம். ஒருவர் "இரண்டாம் ஒப்படைப்பில் அட்டவணை வேண்டுமா?" என்று கேட்கிறார், நீங்கள் "ஆமாம், மூன்று நெடுவரிசை உள்ளது" என்று பதில் போடுகிறீர்கள். தயங்காமல் கேட்கத் தெரிந்த அவருக்கு மற்ற 89 பேருக்குக் கிடைக்காத தகவல் கிடைத்துவிட்டது. வகுப்பறையில் என்றால் பக்கத்தில் இருப்பவராவது கேட்டிருப்பார். வழி: "நல்ல கேள்வி, பெயரில்லாமல் மன்றத்தில் பதில் போடுகிறேன்" என்று சொல்லி, அங்கே பதில் எழுதி, இணைப்பை மட்டும் அவருக்கு அனுப்புங்கள்.

பதில் நேரத்தை எண்ணாகச் சொல்லுங்கள். வேலை நாளில் 48 மணி நேரத்துக்குள், ஒப்படைப்பின் கடைசித் தேதிக்கு முந்தைய 24 மணி நேரத்தில் புதிய விளக்கம் கிடையாது, என்பது போல. இரவு 11 மணிக்குச் சிலருக்கு மட்டும் பதில் போட்டால் அடுத்த வாரம் எல்லோரும் இரவு 11 மணிக்கு எதிர்பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எழுத வசதி என்றால் எழுதி வையுங்கள், காலையில் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

18 வயது நிரம்பாதவர்களோடு தனிச் செயலி, தனி எண், தானாக மறையும் செய்தி, எதுவும் வேண்டாம். நிறுவனத் தளத்தில் மட்டும் பேசுங்கள். ஒருவரோடு மட்டும் காணொளிச் சந்திப்பு என்றால் இன்னொரு ஆசிரியரோ பெற்றோரோ இணைப்பில் இருக்கட்டும். மாணவரைக் காக்கும் அதே ஏற்பாடு உங்களையும் காக்கும். புதிய வெளிச் செயலியில் அவர்களைக் கணக்குத் தொடங்கச் சொல்வதற்கு முன் பெற்றோர் அனுமதி பற்றிக் கேளுங்கள். வயது வரம்பு நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18, அமெரிக்காவின் சிறார் இணையத் தனியுரிமைச் சட்டத்தில் 13, ஐரோப்பிய விதியில் 16 (உறுப்பு நாடுகள் 13 வரை குறைக்கலாம்).

கடைசியாக ஒன்று. ஒரு மாணவர் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றியோ வீட்டில் நடக்கும் வன்முறை பற்றியோ எழுதினால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "இதைக் கவனிக்க வேண்டியவரிடம் மட்டும் சொல்வேன், அது யார் என்று உங்களுக்கும் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். தொலைநிலையில் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் அவசரத் தொடர்பு விவரம் யாரிடம் உள்ளது, இரவில் யாரை அழைப்பது என்பதை முதல் வாரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள்.

---

அளவுகோல்:

மீதமிருப்பது பதிவேடு, திருத்தல், பணம்.

மூடுல் பதிவேடு: பக்கம் திறக்கப்பட்டதைத்தான் அது எழுதும், படித்ததை அல்ல. பாடக் கோப்பை ஒரே முறை இறக்கி அச்செடுத்துப் படித்தவர் ஒரு முறை வந்தவராகத் தெரிவார்.  பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கியவர் ஆர்வலராகத் தெரிவார். இதை மதிப்பெண்ணாக்கினால் நீங்கள் அளப்பது சுட்டியை. பதிவேட்டுக்கு நியாயமான பயன் ஒன்று உண்டு: முதல் 10 நாளில் ஒரு முறையும் உள்ளே வராதவர்களைப் பட்டியலெடுத்துத் தனித்தனியாக எழுதுவது. தொலைநிலைப் படிப்பில் விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஆரம்பத்திலேயே போய்விடுவார்கள். அந்தக் கடிதத்திலும் "நீங்கள் 9ஆம் தேதி இரவு 2.14க்குப் பிறகு வரவில்லை" என்று எழுதாதீர்கள். கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவர் திரும்பி வர யோசிப்பார். "தளத்தில் நுழைவதில் சிக்கல் ஏதும் உண்டா?" போதும்.

மூன்று பேர் திருத்துவது: மதிப்பெண் அளவுகோலை எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. "நல்ல பகுப்பாய்வு" என்ற வரியை மூவரும் மூன்று விதமாகப் படிப்பார்கள். ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் திருத்தத் தொடங்கும் முன் ஐந்து விடைத்தாள்களை எடுங்கள்: மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாக உள்ளது ஒன்று, மோசமானது ஒன்று, நடுத்தரம் மூன்று. மூவரும் தனித்தனியாக, மற்றவர் மதிப்பெண்ணைப் பார்க்காமல் போடுங்கள். 100க்கு 5க்கு மேல் வேறுபடும் தாள்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். சராசரி எடுத்துச் சமாதானம் ஆகாதீர்கள். எந்த வரியால் வேறுபட்டது என்று கண்டுபிடித்து அளவுகோலில் அந்த வரியை மாற்றுங்கள். 45 நிமிடம் ஆகும். அது பின்னால் வரும் முறையீடுகளில் மிச்சமாகும்.

முடிந்தால் ஆளுக்கு 30 தாள் என்று பிரிக்காமல் ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரியுங்கள். அப்போது கடுமையான கையும் தாராளமான கையும் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரும். பிறகு, 10 சதவீதத் தாள்களையும், தோல்வி எல்லாவற்றையும், தேர்ச்சி எல்லைக்கு இரண்டு மதிப்பெண் இப்பக்கம் அப்பக்கம் நிற்பவற்றையும் இரண்டாமவர் பார்க்க வேண்டும்.

பெயர் மறைத்துத் திருத்துவது நல்லது. மூடுலில் அநாமதேயச் சமர்ப்பிப்பு என்ற தேர்வு உண்டு. முதல் சமர்ப்பிப்பு வந்த பிறகு அதை மாற்ற முடியாது, அதனால் தொடக்கத்திலேயே போடுங்கள். பெயர்களை வெளிப்படுத்தும் வரை மதிப்பெண்கள் மூடுலின் பொது மதிப்பெண் பட்டியலுக்குப் போகாது. அதை மறந்துவிட்டு "மதிப்பெண் காணவில்லை" என்று தேடுவார்கள். தளம் பெயரை மறைத்தாலும் மாணவர் கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் தன் பெயரை எழுதியிருப்பார். வெறும் எண் மட்டும் எழுத வேண்டும் என்பதை ஒப்படைப்பு வழிமுறையின் முதல் வரியாக வையுங்கள்.

கருத்துரையைப் பற்றி என் தனிக் கருத்து: தொலைநிலையில் அதுதான் கற்பித்தல். மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்புவது வகுப்புக்கு வராமல் இருப்பதற்குச் சமம். 10 வேலை நாளுக்குள், எப்படியானாலும் அடுத்த ஒப்படைப்பின் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கையில் கிடைக்க வேண்டும். இரண்டாவதைக் கொடுத்த பிறகு முதலாவதின் கருத்துரை வந்தால் அதே பிழைக்கு அவர் இரண்டு முறை மதிப்பெண் இழந்திருப்பார், அந்த இழப்புக்குக் காரணம் நீங்கள்.

மதிப்பெண் பட்டியலை எண் வாரியாகப் பொதுவில் போடாதீர்கள். பதிவெண் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். எக்செல் கோப்பில் நெடுவரிசையை மறைத்து அனுப்பினால் இரண்டு சொடுக்கில் அது வெளியே வரும். குழு மின்னஞ்சல் என்றால் முகவரிகள் மறைநகல் (BCC) வரியில்.

தனிப்பயிற்சி: உங்கள் மாணவர் அணியில் இருப்பவரிடம், நீங்களோ உங்கள் இரண்டு சக மதிப்பீட்டாளர்களோ கட்டணம் வாங்கக் கூடாது. பெயர் மறைத்துத் திருத்துகிறோமே என்பது பதிலாகாது. பயிற்சியில் நீங்கள் சொல்லிக்கொடுத்த சொற்றொடரை விடைத்தாளில் உங்களுக்கே அடையாளம் தெரியும். உதவி வேண்டும் என்றால் எல்லோருக்கும் பொதுவாக வாரம் ஒரு மணி நேரம் திறந்த நேரம் வையுங்கள். படிப்பு முடிந்து முறையீட்டுக் காலமும் கடந்த பிறகு என்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யலாம்.

---

பாடக்குறிப்பு:

எல்லோருக்கும் நன்றி. மாணவர் கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சரியா?

"நேரலை வகுப்புகள் பதிவு செய்யப்படலாம். கேள்விகளுக்கு விரைவில் பதிலளிக்கப்படும். ஒப்படைப்பில் சந்தேகம் எழுந்தால் ஆசிரியர் உரிய நடவடிக்கை எடுப்பார்."

இன்னொன்று: தேர்வின் நடுவில் ஒருவருக்கு இணைப்பு அறுந்தால்?

---

சான்றாவணம்:

இந்தப் பத்தியை வைத்து எந்த மாணவரும் எதையும் முன்கூட்டி அறிய முடியாது. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"வகுப்பின் முதல் 40 நிமிட விளக்கம் மட்டும் பதிவாகும், கேள்வி நேரம் பதிவாகாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகள் நீக்கப்படும். கேமரா கட்டாயமில்லை. கேள்விகளுக்கு 2 வேலை நாளுக்குள் பதில் வரும். பாடக் கேள்விகளின் பதில் பெயரின்றி மன்றத்தில் வெளியாகும். ஒவ்வொரு ஒப்படைப்புக்குப் பிறகும் சிலர் 15 நிமிட உரையாடலுக்கு அழைக்கப்படுவர். அழைப்பு குற்றச்சாட்டு அல்ல. கண்டறியும் கருவியின் எண்ணை மட்டும் வைத்து மதிப்பெண் குறைக்கப்படாது. முறைகேடு பற்றிய முடிவைத் திருத்தியவர் எடுக்க மாட்டார். முடிவுக்கு எதிராக 10 வேலை நாளுக்குள் முறையிடலாம்."

நாட்களின் எண்ணிக்கையை உங்கள் நிறுவன விதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறைவேற்ற முடியாத எண்ணை எழுதாதீர்கள். இரண்டு நாள் முடியாதென்றால் நான்கு என்றே எழுதுங்கள்.

---

திரைவாசிப்பான்:

இணைப்பு அறுந்தால்: மூடுல் வினாடி வினா இயல்பான அமைப்பில் நிமிடத்துக்கு ஒரு முறை விடைகளைத் தானே சேமிக்கும், ஆகவே எழுதியது பெரும்பாலும் போகாது. போவது நேரம், அவர் வெளியே இருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முறையை முன்பே அறிவியுங்கள்: 15 நிமிடத்துக்குள் குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும், முடிந்தால் பிழைத் திரையின் படத்தோடு. இழந்த நிமிடத்தைப் பயனர் விதிவிலக்காகச் சேர்த்துவிடலாம், ஆனால் அவருடைய தேர்வு முயற்சி இன்னும் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டும். அதற்குத் தேர்வு நேரம் முழுவதும் ஒருவர் அந்த மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், யார் என்று பெயர் குறித்துவிடுங்கள். இரண்டு வாரம் முன்னால் மதிப்பெண் இல்லாத 10 நிமிட ஒத்திகைத் தேர்வு ஒன்று வைத்தால், அன்றைக்கு வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பகுதி அதிலேயே வெளிப்பட்டுவிடும்.